துணைக்கால் போல ஓர் ஈ

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் புத்தகத்தோடு வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

உன் பேரன் 'கைட்' (kite) என்ற சொல்லை 'கிட்டெ' என்று படிக்கிறான், கண்டிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எழுத்துக் கூட்டி ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைதான் அப்படிப் படிக்கும். கடைசியில் நிற்கும் ஈ (e) என்ற ஆங்கில எழுத்து ஒலிக்காது என்று அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 14-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், ஆங்கிலேயர்களே அந்த ஈயை உச்சரித்தவர்கள்தான். 'நேம்' (name) என்ற சொல் அன்று 'நாமெ' போல ஒலித்தது. பிறகு ஒலி தேய்ந்து எழுத்து மட்டும் தங்கிவிட்டது. முன்னால் உள்ள உயிரை நீட்டிச் சொல்ல அது அடையாளமாக உதவும் என்று 1582-இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற ஆசிரியர் விளக்கி எழுதினார்.

நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் பிடித்துக்கொண்டது துணைக்காலைத்தான். 'பல்' என்ற சொல்லில் ஒரு கால் போட்டால் 'பால்'. அந்தக் காலுக்கென்று தனி ஒலி கிடையாது. பக்கத்து எழுத்தை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிறது. ஈயும் அப்படித்தான், என்ன, ஒரு மெய்யெழுத்தைத் தாண்டி நிற்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆங்கிலத்தில் வெறுமனே ஒலி நீள்வதில்லை. நடுவில் இருக்கும் உயிரெழுத்து தன் பெயரையே சொல்லும். 'பின்' (pin) என்பதில் 'இ' என்று ஒலித்த எழுத்து, 'பைன்' (pine) என்பதில் 'ஐ' என்று தன் பெயரைச் சொல்கிறது.

முதலில் நான் விதியைச் சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்தேன். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்ததும் பழையபடி 'கிட்டெ'தான். அப்புறம்தான் அட்டை செய்தேன். நீளமான அட்டையில் 'பின்' என்று எழுதி, வலது ஓரத்தை மடித்து, மடிப்புக்குள் ஈயை ஒளித்து வைத்தேன். எதிர் வீட்டு ஆறு வயதுக் குட்டி மடிப்பைத் திறந்தாள், 'பைன்'. மூடினாள், 'பின்'. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருபது தடவையாவது திறந்து மூடியிருப்பாள். அட்டையின் மடிப்பு கிழிந்தே போயிற்று. நான் தடுக்கவில்லை.

நீ ஆரம்பிக்கும்போது 'கிட் - கைட்' (kit - kite), 'பிட் - பைட்' (bit - bite) என்று ஐ (i) வரும் ஜோடிகளில் தொடங்கு. பிறகு 'ஹாப் - ஹோப்' (hop - hope), 'டப் - டியூப்' (tub - tube). ஏ (a) எழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள். தலையில் போடும் தொப்பியையும் (cap) தோளில் போடும் மேலங்கியையும் (cape) நாம் ஒரே மாதிரி 'கேப்' என்றுதான் சொல்கிறோம். நம் வாயிலேயே வித்தியாசம் கேட்காதபோது பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

படித்தானா, பார்த்த ஞாபகத்தில் சொன்னானா என்று சந்தேகம் வந்தால், 'மிப் - மைப்' (mip - mipe) என்று பொருளே இல்லாத ஒரு ஜோடியை எழுதிக் காட்டு. அதைச் சரியாகச் சொன்னால் உண்மையிலேயே பிடிபட்டுவிட்டது.

விதிவிலக்குகளும் உண்டு. 'கிவ்' (give), 'ஹேவ்' (have) இரண்டிலும் ஈ இருந்தும் உயிர் மாறாது. ஆங்கிலச் சொல்லை வி (v) எழுத்தில் முடிப்பது வழக்கமில்லை என்பதால், அங்கே ஈ வெறும் முட்டுக்கொடுக்க நிற்கிறது. விதிக்கு அடங்காத 'கம்' (come), 'டன்' (done) போன்றவற்றை வேறு நிற அட்டையில் எழுதி, பார்த்துப் பழக விட்டுவிடு. ஆனால் இதெல்லாம் ஒரு மாதம் கழித்துத்தான். முதல் வாரத்திலேயே விதிவிலக்கைக் காட்டினால் விதி மேலேயே நம்பிக்கை போய்விடும்.

இந்தக் கடிதத்தோடு ஆறு அட்டைகள் வைத்திருக்கிறேன். மடிப்பை அவனே திறக்கட்டும், நீ சும்மா பக்கத்தில் உட்கார். எந்தச் சொல்லில் தடுக்குகிறான் என்று எழுது, அதற்கேற்ற மாதிரி அடுத்த கட்டைச் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி