வக்கீல் ஃபீஸும் ஒரு வரிதான்

ஐயா, வர்த்தக ஒப்பந்தங்கள் பற்றிய உங்கள் தலையங்கம் சுங்க வரியோடு நின்றுவிட்டது. இரு நாட்டுச் சட்டங்கள் வேறுபடுவதால் வரும் செலவும் ஒருவகை வரிதான். இதைக் குறைக்க, நாடு விட்டு நாடு நடக்கும் விற்பனை ஒப்பந்தங்களுக்குப் பொதுவான விதிகளைத் தரும் சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1980-இல் வியன்னாவில் உருவாகி, 1988-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி எல்லாம் அதில் இருக்கின்றன, இந்தியா இல்லை. நமக்கு இன்னமும் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம்தான். வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தத்தில் 'ஜெர்மன் சட்டம் பொருந்தும்' என்று எழுதி, உடன்படிக்கையைத் தனியாக விலக்காவிட்டால், பொதுவாக அந்த உடன்படிக்கையே நம்மையும் கட்டுப்படுத்தும்.

திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறேன். முதல் ஜெர்மன் ஆர்டரின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீலுக்குக் கொடுத்ததில் லாபத்தில் பாதி போய்விட்டது. பத்து மடங்கு பெரிய ஆர்டருக்கும் ஏறக்குறைய அதே ஃபீஸ்தான்! சரி, உடன்படிக்கையில் இந்தியா சேர்வதிலும் செலவு உண்டு: நீதிமன்றங்களும் வக்கீல்களும் புதிதாகப் படிக்க வேண்டும், பழைய தீர்ப்புகளின் பயன் குறையும். வர்த்தக அமைச்சகம் இரு பக்கச் செலவையும் நிறுவனங்களின் அளவு வாரியாகக் கணக்கிட்டு வெளியிட்டுவிட்டு, அப்புறம் முடிவெடுக்கட்டும்.

– பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர், திருப்பூர்