விற்றவர் ஓடிவிட்டால் யார் பொறுப்பு? நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை உங்கள் துறை 2020 ஜூலை 23 அன்று அறிவித்தது. விற்பனையாளர் கைவிட்டால் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற விற்பனைத் தளம் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லாத ஓர் ஓட்டை அவற்றில் இருப்பதை நீங்களே கண்டுபிடித்து, 2021 ஜூனில் ஒரு திருத்த வரைவையும் வெளியிட்டீர்கள். மக்களிடம் கருத்து கேட்டீர்கள். அதோடு சரி. அந்த வரைவு என்ன ஆனது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் வாங்கிய பொருளில் கோளாறு என்றால் எங்கள் தெருவில் சிலர் என்னிடம் வருவார்கள். புகார் எழுதிக் கொடுப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு வந்த மிக்ஸியின் ஜாரில் விரிசல். திருப்பி அனுப்பும் கோரிக்கையைத் தளம் நிராகரித்தது. கஸ்டமர் கேரைக் கேட்டால், "நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம் மேடம், விற்பனையாளரிடம் பேசுங்கள்" என்கிறார்கள். விற்பனையாளரின் முகவரி டெல்லியில், போனை எடுக்க ஆளில்லை. பணத்தை வாங்கியது தளம், பெட்டியில் ஒட்டியிருந்தது தளத்தின் பெயர், கொண்டுவந்து கொடுத்தவர் போட்டிருந்தது தளத்தின் சட்டை. கோளாறு என்றதும்தான் விற்பனையாளர் என்று தனியாக ஒருவர் முளைக்கிறார்.

இந்தப் பிரிவினைக்கு வேர் அந்நிய முதலீட்டுக் கொள்கையில் இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள நிறுவனம் சொந்தமாகச் சரக்கு வைத்து நேரடியாக நுகர்வோருக்கு ஆன்லைனில் விற்கக் கூடாது. பிறர் விற்கும் சந்தையாக இருக்கலாம். 2019 பிப்ரவரி 1 முதல் இந்த வரம்பை அரசு மேலும் இறுக்கியது. தெருமுனைக் கடைக்காரரைக் காப்பாற்றத்தான் இந்தச் சுவர். நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நாங்கள் வெறும் சந்தைதானே" என்று கம்பெனிகள் வாங்கியவரைத் திருப்பி அனுப்புகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறருக்கு இணையத்தில் இடம் மட்டும் கொடுக்கும் இடைநிலையாளர்களுக்குத் தரும் பாதுகாப்பும் அவர்களுக்குத் துணை.

இந்த வாதம் எடுபடாது என்பதை உங்கள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2022இல் காட்டியது. பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமான பிறகும், தரக் கட்டுப்பாட்டு ஆணையை மீறிய குக்கர்கள் அமேசான் வழியாக 2,265, ஃபிளிப்கார்ட் வழியாக 598 விற்றிருந்தன. ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கும் தளம், சிக்கல் வந்ததும் தனக்குச் சம்பந்தமில்லை என்று கைகழுவ முடியாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. நல்ல உத்தரவு. அபராதம்தான் தலா 1 லட்சம். அந்தக் குக்கர்களில் அமேசானுக்குக் கிடைத்த கமிஷன் மட்டும் 6 லட்சத்தைத் தாண்டியது. பிடிபட்ட பிறகும் லாபம் என்றால் யார் பயப்படுவார்கள்?

குக்கர் வெடித்தால் ஆபத்து என்பதால் ஆணையம் தானாக இறங்கியது. எழுநூறு ரூபாய்ச் செருப்புக்கும் கிழிந்து வந்த சேலைக்கும் அது வராது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். சில நேரம் பணம் வந்தும் விடுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சொந்த ஊரிலேயே வழக்குப் போடலாம். எல்லாம் சரி. எழுநூறு ரூபாய்க்காக எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது?

தளம் வெறும் இடம்தான் என்பதை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். கரூரிலிருந்து போர்வை விற்கும் சிறு வியாபாரிக்கு, தேடலில் அவர் பொருள் எங்கே வர வேண்டும், கமிஷன் எவ்வளவு, ரிட்டர்னை ஏற்பதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது தளம்தான். புதுப் போர்வை போய் பழைய போர்வை திரும்பி வந்தாலும் நஷ்டம் பெரும்பாலும் அவர் தலையில். வாங்குபவரிடம் "எங்கள் கையில் ஒன்றுமில்லை", விற்பவரிடம் "எங்கள் முடிவே இறுதி". இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

2021 வரைவு இதற்குத்தான் ஒரு பதில் வைத்திருந்தது. தளம் விதித்த கடமைகளை விற்பனையாளர் அலட்சியத்தால் செய்யத் தவறி, பொருளோ சேவையோ கிடைக்காமல் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால், தளம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அந்த வரைவில் எல்லாமே எனக்கு உடன்பாடில்லை. அதிரடித் தள்ளுபடி விற்பனைகளில் கைவைக்கும் பகுதி தேவையில்லாத வேலை. அதை வைத்துத்தான் கம்பெனிகள் மொத்த வரைவையும் எதிர்த்தன என்பது என் கணிப்பு. அந்தப் பகுதியைத் தூக்கிப் போடுங்கள். பொறுப்பு விதியை மட்டும் தனியாகக் கொண்டுவாருங்கள், கோளாறான பொருளையும் அதில் சேர்த்து.

கூடவே இரண்டு சின்ன விஷயங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இப்போதைய விதி சொல்கிறது. அந்த அலுவலரின் பெயரைக் கண்டுபிடிக்கவே செயலியின் அடிவரை தோண்ட வேண்டியிருக்கிறது. ஆர்டர் பக்கத்திலேயே, பொருளின் படத்துக்குக் கீழே, அது இருக்கட்டும். அப்புறம், மொழி. பொருள் வாங்கத் தமிழில் கூப்பிடும் செயலி, ரிட்டர்ன் நிபந்தனைகளை ஆங்கிலத்தில் நீட்டினால் எப்படி? எந்த மொழியில் விற்கிறார்களோ அந்த மொழியில் நிபந்தனையும் புகார்ப் படிவமும் இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள்.

வரைவின் மீது வந்த கருத்துகளையும், அதைப் பற்றித் துறை எடுத்த முடிவையும், முடிவே எடுக்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் உங்கள் இணையதளத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து ஒரு நுகர்வோர்