சித்திக்கு ஒரு கடிதம்: பின்சர் காட்டுப் பாதையில் நீங்களும் நடக்கலாம்

அன்புள்ள சித்திக்கு,

போன வாரம் நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த முட்டியை வச்சிக்கிட்டு எனக்கு எதுக்குப்பா இமயமலை" என்றீர்கள். அப்போது பதில் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். முட்டிவலிக்குப் பயந்து ஆசையை அடக்கி வைத்திருக்கிற மற்ற சித்திகளும் அத்தைகளும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

நான் போனது உத்தராகண்டில், அல்மோராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பின்சர் வனவிலங்குச் சரணாலயம். உயரம் 2,412 மீட்டர். நாம் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போன தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அன்று உங்களுக்கு மூச்சு வாங்கவே இல்லை. இது அதைவிடத் தாழ்வுதான் சித்தி.

காட்டுக்குள் இருக்கிற சுற்றுலா விடுதி வரை கார் போகும். அங்கிருந்து மலைமுகட்டை ஒட்டி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடந்தால் ஜீரோ பாயின்ட் என்கிற காட்சிமுனை. பாதை அகலமானது. ஏற்றம் உண்டு, ஆனால் பழனிப் படி மாதிரி முட்டியை மடக்க வைக்கிற ஏற்றம் இல்லை.

இரண்டு பக்கமும் பாஞ்ச் மரங்கள். ஓக் மரத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் இலை மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் வெள்ளை. காற்று அடிக்கும்போது ஒரு மரம் முழுக்க சட்டென்று வெளுத்து, மறுபடி கறுக்கும். தண்டெல்லாம் பாசி. விழுந்து ஊறிய சருகு காலுக்கு மெத்தென்று இருக்கிறது. நடுவில் புரான்ஸ் மரங்களும் உண்டு, நம் நீலகிரி ரோடோடென்ட்ரானுக்கு நெருங்கிய உறவு. மார்ச், ஏப்ரலில் சிவப்பாகப் பூக்கும்.

வழியில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். உங்களைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒரு முட்டியில் உறை, கையில் கம்பு. நூறடி நடப்பார், ஒரு வேரில் உட்காருவார். பக்கத்தில் பேரன் அவசரப்படுத்தாமல் நிற்பான். மூன்றாவது தடவை நான் அவர்களைத் தாண்டும்போது பையிலிருந்து பொரியை எடுத்து என் கையில் கொட்டினார். கடுகெண்ணெய் வாசனையோடு, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்ட பொரி. அதைத் தின்றுகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அப்புறம் நானும் அவர் வேகத்துக்கே நடந்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நான் மட்டும் விறுவிறுவென்று போயிருந்தால் அந்த இலையைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

முடிவில் ஒரு காட்சிக் கோபுரம். பாட்டி அதில் ஏறவில்லை. கீழேயே மரங்கள் விலகுகிற இடத்தில் நின்று கும்பிட்டார். சௌகம்பா, திரிசூல், 7,816 மீட்டர் உயர நந்தாதேவி, கிழக்கே பஞ்சசூலி, பனிச்சிகரங்கள் எல்லாம் ஒரே வரிசையில். குமாவுன் என்கிற அந்தப் பகுதி மக்களுக்கு நந்தாதேவி தெய்வம், தங்கள் வீட்டுப் பெண் மாதிரி. அல்மோராவில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது, போகிற வழியில் பார்த்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். மே, ஜூனில் வேண்டாம். கீழ்ச்சரிவுகளில் இருக்கிற சீர் பைன் மரங்களின் காய்ந்த ஊசியிலை அப்போது நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். 2024 ஜூனில் இதே பின்சரில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நான்கு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். அந்தக் காட்டில் நடக்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நவம்பர்தான் சரி. மழை கழுவிவிட்ட வானம், மலை தெளிவாகத் தெரியும். அன்று முட்டி ஒத்துழைக்காவிட்டாலும் பரவாயில்லை, விடுதி மாடியிலிருந்தே பனிமலைகள் தெரிகின்றன. டெல்லியில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது காத்கோதாம். அங்கிருந்து கார். உங்களுக்குக் கீழ் பெர்த் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தினமும் சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறீர்கள் அல்லவா, நாளையிலிருந்து இரண்டு தடவை போய் வாருங்கள். டிக்கெட் போடட்டுமா சித்தி?

அன்புடன்,
உங்கள் அக்கா பிள்ளை