செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சித்திரைத் திருவிழாக் கூட்டம் தொடங்கிவிட்டால் மதுரை மாசி வீதிகளில் நமக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால்தான் இந்த ஆண்டும் நம் தொழிலாளர் சங்கப் பொதுக்குழுவை முன்கூட்டியே வைத்துவிட்டோம்.

முதலில் இரங்கல். இந்த ஆண்டு இரண்டு உறுப்பினர்களை இழந்தோம். ஒருவர் நெல்பேட்டையில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். உடல்நலம் குன்றிக் காலமானார். இன்னொருவர் பாத்திரக்கடையில் வேலை பார்த்த தம்பி. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங் ரோட்டில் லாரி மோதி இறந்தார். வேலை நேரத்தில் நடந்திருந்தால் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி கேட்டிருக்கலாம். அவர் போனது மாமியார் வீட்டுக்கு. தொழிலாளர் நல வாரிய அட்டையும் போடவில்லை. "அடுத்த மாசம் வர்றேண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்.

அந்தத் தம்பியின் பாஸ்புக்கை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய். மே மாதக் கடைசியில் வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை காப்பீடு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 2023இல் எடுத்திருக்கிறார்கள், 2024இல் எடுத்திருக்கிறார்கள். 2025இல் எடுக்கவில்லை. அந்த வாரம் கணக்கில் 14 ரூபாய் இருந்திருக்கிறது. இதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்கு வரவில்லை.

உறுப்பினர் எண்ணிக்கை 186இலிருந்து 241 ஆகியிருக்கிறது. துணிக்கடை, பாத்திரக்கடை, மூட்டை, தையல் என்று பழைய கலவைதான். புதிதாக, சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப்பேர் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள். செயற்குழு பத்து முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு அதிக நேரம் பிடித்தது ஒரு பணிக்கொடை விவகாரம், அதாவது பல வருடம் உழைத்தவர் வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய தொகை. நம் வட்டாரத்து ஜவுளிக்கடை ஒன்றில் சுடிதார் பிரிவில் 14 வருடம் நின்ற அக்கா, காலில் நரம்பு சுருண்டு, இனி முடியாது என்று போன ஜூனில் வேலையை விட்டார். கடைசிச் சம்பளம் 11,700 ரூபாய். முதலாளி ஒரு சேலையும் 5,000 ரூபாயும் கொடுத்து அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மொய் எழுதியவர்தான். பணிக்கொடை என்ற சொல்லைக் கேட்டதும்தான் முகம் மாறியது.

"பத்துப் பேர் இருந்தாத்தானே சட்டம்? என் கடையில ஏழு பேர்தான்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கும் கடைக்குத்தான். ஆனால் அந்தக் கடைக்கு மூன்று போர்டு. சேலை அவர் பெயரில், ரெடிமேட் வீட்டம்மா பெயரில், பிளவுஸ் பிட் தம்பி பெயரில். மூன்றுக்கும் கல்லாப்பெட்டி ஒன்றுதான். வருகைப் பதிவேடு கிடையாது. சம்பளம் கவரில். அக்கா அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே கையில் ஒரு சீட்டு இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஆயுத பூஜை போட்டோக்கள். வருடா வருடம் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருக்கிறார் முதலாளி. மூலையில் ஸ்டூடியோக்காரர் தேதி அடித்திருக்கிறார். 2011 போட்டோவில் தலைகளை எண்ணினோம்: முதலாளி, அவர் தம்பி நீங்கலாக 16. இரண்டாவது வரிசையில் நீலச் சேலையில் அக்கா. 2020 போட்டோவில் எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கிறார்கள், முகம் தெரியவில்லை. "இந்தப் பச்சை பார்டர் நான்தாண்ணே, அந்த வருஷம் கடையில எடுத்துக்கொடுத்தது" என்று விரல் வைத்துக் காட்டினார். கடைசி மூன்று வருடப் படங்களில்தான் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அதுவும் பாதகமில்லை. ஒருமுறை பத்துப் பேர் இருந்து சட்டம் பொருந்திவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் அது விலகாது என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது.

கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 450 ரூபாய். வருடத்துக்கு 15 நாள் வீதம் 6,750. அதை 14 வருடத்தால் பெருக்கினால் 94,500. உரிய படிவத்தில் எழுதி, போட்டோக்களை ஜெராக்ஸ் போட்டு இணைத்துக் கொடுத்தோம். தொழிலாளர் துறைக்குப் போகவேண்டிய வேலை வரவில்லை. முதலாளியின் ஆடிட்டரே அவருக்குச் சொல்லியிருப்பார் போல. இரண்டு காசோலைகளாகக் கொடுத்தார். இரண்டாவது தீபாவளி வாரத்தில் வந்தது. அக்கா ஒரு கிலோ அல்வாவோடு சங்கத்துக்கு வந்தார்.

இதன் பின்விளைவையும் பதிவு செய்யவேண்டும். போன ஆயுத பூஜைக்கு நம் வட்டாரத்தில் இரண்டு கடைகளில் போட்டோவே எடுக்கவில்லையாம். ஆகவே உறுப்பினர்கள் தங்கள் செல்போனிலாவது, கடை போர்டு தெரியும்படி, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துவைக்கவும்.

அடுத்து அட்டை வேலை. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டப்படிதான் நம் மூட்டைத் தொழிலாளர்களுக்கும் தையல்காரர்களுக்கும் நல வாரியங்கள் இருக்கின்றன. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதிய வேண்டும். 60 ஆனதும் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம். 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து ஏற்றினார்கள். வருடத்துக்கு 14,400 ரூபாய். ஒரு மாத மருந்துச் செலவுக்குக் காணுமா என்று கேட்பவர்கள், அது வராத வீட்டில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் புதுப்பிக்கும் வேலை செய்தோம். செய்யச் செய்யத்தான் தெரிந்தது, நம் ஆட்களுக்குத் தடை சட்டத்தில் இல்லை, ஆதாரில் இருக்கிறது. வெங்காய மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவருக்கு 59 வயது. செல்லுக்கு வரும் ஓடிபி, மருமகனின் எப்போதோ தொலைந்துபோன நம்பருக்குப் போகிறது. நம்பரை மாற்றக் கைரேகை வேண்டும். அந்த அண்ணன் கையில் ரேகை இல்லை. சாக்கும் கொக்கியும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழவென்று இருக்கிறது. கை கழுவி, துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. நான்காவது தடவை வேறொரு மையத்தில் கருவிழியை வைத்து முடித்துக் கொடுத்தார்கள். நான்கு நாள் கூலி போயிற்று. அட்டை புதுப்பித்தாயிற்று.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. அட்டை காலாவதியானதைக் கவனிக்காமல் 60ஐத் தாண்டிய தையல்கார அண்ணன் ஒருவருடைய மனு திரும்பி வந்துவிட்டது. அவர் தேதியை நாங்களாவது பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். இது செயலாளர் என்ற முறையில் என்னுடைய தவறு. இப்போது ஒவ்வொருவருடைய அட்டை முடியும் தேதியையும் 60 ஆகும் தேதியையும் நோட்டில் எழுதி, சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்களை நான்காகச் சுருட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரியே "அட்டை எல்லாம் செல்லாதாமே" என்று எனக்கு இருபது போன். நம் வாரியச் சட்டம் மாநிலச் சட்டம், அந்த 29இல் அது இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது.

புதிதில் நமக்கு உதவுகிறவை சில உண்டு. குறைந்தபட்ச ஊதியம் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்பது போய் எல்லோருக்கும் என்று ஆகியிருக்கிறது. குறித்த காலத்துக்கென்று எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. வேலையைவிட்டு நின்றால் இரண்டு வேலைநாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்கவேண்டும். இதை அச்செடுத்துக் காட்டி, ஒரு தம்பியின் பதினைந்து நாள் சம்பளத்தை ஆறாவது நாள் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் ஆறு நாள் ஆனது. இதற்கு முந்தைய இதேபோன்ற பாக்கிக்கு ஆறு மாதம் அலைந்தோம்.

ஆனால் தலையெண்ணிக்கை மாறவில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு அதே பத்துப் பேர், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு அதே இருபது பேர். வேலை நியமனக் கடிதம் தரவேண்டும் என்பதும் பத்துப் பேர் உள்ள இடத்துக்குத்தான். இ.எஸ்.ஐ.யில் நம் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. 11,700 ரூபாய்ச் சம்பளத்துக்கு நம் கையிலிருந்து 88 ரூபாய் போகும், அவர் 381 ரூபாய் போடவேண்டும். அந்த 381 ரூபாய்க்காகத்தான் ஒரு கடைக்கு மூன்று போர்டு. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நம் பெண்கள் சீட்டுப் போட முடியாமல், தனியார் கிளினிக்கில் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டுவதும் இதனால்தான். முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் ஒப்புக்கொண்டால் சிறிய கடையும் தானாகச் சேரலாம் என்று புதிய தொகுப்பில் வழி இருக்கிறது. பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

நம் உறுப்பினர்கள் சிலருடைய தாத்தாக்கள் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஹார்விபட்டியில் குடியிருந்து, பி.எஃப். வாங்கி ஓய்வு பெற்றவர்கள். அதே ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் பேரனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. டெலிவரி பையன்களைக் கேட்டால் அவர்களுக்கு முதலாளியே செல்போனுக்குள் இருக்கிறாராம். புதிய தொகுப்பில் அந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் மாநிலத்திலும் அவர்களுக்கென ஒரு வாரியம் இருக்கிறது. ஒன்பது பேருக்கும் பதிவுக்கான தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

நாற்காலி விஷயம். கடை ஊழியர் உட்கார வசதி செய்யவேண்டும் என்று 2021இல் நம் சட்டசபை கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. செயற்குழுவில் முடிவு செய்தபடி பதினோரு கடைகளை நேரில் போய்ப் பார்த்தோம். ஏழு கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதில் நான்கில் ஸ்டூல்மேல் துணிக்கட்டு இருக்கிறது. ஒரு கடையில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மற்ற மூன்றிலும் உட்காரலாம், கஸ்டமர் இல்லாவிட்டால். முகூர்த்த நாளில் கஸ்டமர் இல்லாத நேரம் எது என்று அங்கே நின்ற பெண்ணே என்னிடம் திருப்பிக் கேட்டாள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலையும் அவரே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பங்கில்லை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் கதவோர மேசையில் இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்புக் கொண்டுவந்தவர்கள் காட்டிவிட்டுப் போகவும். மே 20ஆம் தேதிக்குள் அந்தக் கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இல்லாதவர்களுக்குச் சங்கமே போட்டுவிடும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்