தொண்ணூறு நாளுக்குப் பிறகு?

அன்புள்ள டாக்டர்,

"பக்கவாத சிகிச்சைகளுக்கு நிஜ நோயாளிகளிடம் சோதித்த ட்ரையல் முடிவுகளே இருக்கின்றனவே, அப்புறம் கம்ப்யூட்டரில் கற்பனை நோயாளிகளை ஓட்டிப் பார்ப்பது எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

2015-இல் வெளியான ஐந்து த்ராம்பெக்டமி ட்ரையல்களையே எடுத்துக்கொள்வோம். மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை வெளியே எடுத்தால் (அதுதான் த்ராம்பெக்டமி) பலன் உண்டு என்பதை அவை சந்தேகமில்லாமல் காட்டிவிட்டன. ஆனால் அந்தப் பலனை அளந்தது பெரும்பாலும் 90-ஆம் நாளில், ஊனத்தை அளக்கும் ரேங்கின் அளவுகோலில்: 0 என்றால் அறிகுறியே இல்லை, 5 என்றால் படுத்த படுக்கை, 6 என்றால் இறப்பு. செலவுக்கேற்ற பலனா என்று கணக்கிட அது போதாது. சிகிச்சைச் செலவு முதல் நாளே வந்து விழுகிறது. ஊனம் குறைந்ததால் மிச்சமாகும் பராமரிப்புச் செலவோ பல வருடங்களில் சிறுகச் சிறுகத்தான் சேரும். அந்த வருடங்களை எந்த ட்ரையலும் முழுதாகப் பார்த்ததில்லை. அங்கேதான் நீங்கள் கேட்ட கம்ப்யூட்டர் மாடல் வருகிறது.

முதல் 90 நாளுக்கு ட்ரையலின் எண்கள். அதன்பின் பெரும்பாலும் மார்கோவ் மாடல்: ஒவ்வொரு சுழற்சியிலும், அதாவது குறிப்பிட்ட ஒவ்வொரு கால இடைவெளியிலும், ஒருவர் அதே நிலையில் தொடரலாம், மறுபடி பக்கவாதம் வரலாம், இறக்கலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாழ்க்கைத்தர எடை உண்டு. முழு நலம் 1, இறப்பு 0. ரேங்கின் 5-க்குச் சில மதிப்பீடுகள் பூஜ்ஜியத்துக்கும் கீழே எண் தருகின்றன, அதாவது சாவைவிட மோசம். எனக்கு இது இன்றைக்கும் உறுத்துகிறது. வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பாருங்கள். இறப்பைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பிழைப்பவர்கள் பெரும்பாலும் 4-லோ 5-லோதான் நிற்கிறார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றியதையே நஷ்டக் கணக்கில் எழுத மாடலால் முடியும். அந்த எடையைப் போட்டது மனிதர்கள், கம்ப்யூட்டர் அல்ல.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறொன்றும் உண்டு. உள்ளிடும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, "முடிவு உறுதியானது" என்று வரைபடம் காட்டுவோம். அது எண்களின் தடுமாற்றத்தை மட்டுமே சோதிக்கிறது. '90-ஆம் நாள் நிலை அப்படியே ஆயுளுக்கும் நீடிக்கும்' என்ற அனுமானம் தவறாக இருந்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அது வெளியே தெரியாது. வீட்டில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவரின் உழைப்பைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதையும் கேளுங்கள். பல ஆய்வுகளில் அது இருக்காது. சேர்த்தால் ஊனத்தைக் குறைக்கும் சிகிச்சை இன்னும் மலிவாகத் தெரியும்.

எங்களுக்கு இல்லாதது உங்களிடம் இருக்கிறது. 90-ஆம் நாள் ரேங்கின் எண்ணைக் குறித்துவைக்கிறீர்கள் அல்லவா? அதே நோயாளிகளை ஒரு வருடம், மூன்று வருடம் கழித்தும் கூப்பிட்டுக் கேட்டுக் குறித்துவைக்க முடியுமா? போனில் கேட்டாலே போதும். அந்த எண்கள் வந்தால் அனுமானத்தை எடுத்துவிட்டு அவற்றைப் போட்டு மாடலை மறுபடி ஓட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாடல்காரன்