பிறேக்கைப் பிடித்துக்கொண்டு உழக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு சுகாதாரப் பக்கத்தில் வந்த புற்றுநோய்க் கட்டுரை நல்ல கட்டுரை. அதற்கு நேர் கீழே, 'நிர்ப்பீடனத்தைப் பெருக்கிப் புற்றை விரட்டும்' (நோய் எதிர்ப்புச் சக்தியைத்தான் நிர்ப்பீடனம் என்கிறார்கள்) மூலிகைத் தூள் விளம்பரம். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு டின் வாங்கிவிட்டார். கனடாவில் இருக்கும் தம்பிக்கு ஒடியல் மா, மிளகாய்த்தூளோடு சேர்த்துப் பார்சல் கட்டுவதற்கு! தம்பிக்கு நுரையீரலில் புற்று. நிர்ப்பீடனக் கலங்களில் இருக்கும் பி.டி-1 என்ற மூலக்கூறை மறிக்கும் மருந்து ஏற்றுகிறார்கள்.

உயிரியல் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? விறாந்தையில் சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டித்தான் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

புற்றைக் கொல்ல வேண்டிய ரி-கலம் என்ற வெண்குருதிக் கலத்துக்குப் பலம் போதாது என்பதல்ல பல வேளைகளில் பிரச்சினை. அதன் மேற்பரப்பில் பெடலும் உண்டு, பிறேக்கும் உண்டு. சி.டி-28 என்ற மூலக்கூறு பெடல். சி.ரி.எல்.ஏ-4, பி.டி-1 இரண்டும் பிறேக். இந்தப் பிறேக் சும்மா வைத்ததல்ல. சி.ரி.எல்.ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகளைச் சில வாரங்களிலேயே அவற்றின் சொந்த ரி-கலங்கள் கொன்றுவிட்டன. புற்றுக்கலம் கள்ளன், இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. தன் மேற்பரப்பில் பி.டி.எல்-1 என்ற மூலக்கூறை நிறைய வைத்துக்கொண்டு, கிட்ட வரும் ரி-கலத்தின் பி.டி-1 பிறேக்கை அழுத்திவிடும். பிறேக்கை இறுக்கிப் பிடித்திருக்க, பெடலை எவ்வளவு உழக்கினாலும் சைக்கிள் நகருமா? தூள் செய்வதாகச் சொல்வது அந்த உழக்கலைத்தான், அதுவும் செய்தால்.

பி.டி-1 ஐ 1992 இல் கண்டுபிடித்தது ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோவின் குழு. சி.ரி.எல்.ஏ-4 ஐப் பிறபொருளெதிரியால் (அன்டிபொடி) மறித்தால் எலியின் கட்டி அழிவதை 1996 இல் காட்டியது அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனின் குழு. 2018 இல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, பிறேக்கைக் கழற்றினால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கட்டிக்குள் ரி-கலமே நுழையாத நோயாளிக்கு இந்த மருந்தால் பெரிய பலன் இராது. பலன் கிடைப்பவருக்கும் ரி-கலங்கள் குடல், தைரொயிட், ஈரல், நுரையீரல் என்று எங்கேயும் பாயலாம். தம்பிக்கு மருந்து தொடங்கி மூன்றாம் மாதம் நாளுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றோட்டம். "மாதுளங்கோது அவிச்சுக் குடியடா" என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். போனைப் பறிக்காத குறையாக வாங்கி, "உடனே உங்கட ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கோ தம்பி" என்றேன். பெருங்குடலில் அழற்சியாம். மருந்தை நிறுத்தி ஸ்டீரொயிட் கொடுத்த பிறகுதான் அடங்கியது. மருந்து முடிந்து மாதக்கணக்கான பின்னும் இப்படி வரலாம் என்பதைச் சொந்தக்காரர்களும் தெரிந்திருக்க வேண்டும். தூளோ கசாயமோ, எதைக் குடித்தாலும் டொக்டரிடம் மறைக்கவும் கூடாது.

பார்சல் போய்விட்டது. டின்கள் இரண்டும் அக்காவின் குசினித் தட்டில் இருக்கின்றன. விளம்பரக் காசு இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். அதைச் சுகாதாரப் பக்கத்திலிருந்தாவது எடுத்து, கலியாண மண்டப விளம்பரங்களோடு போடுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.