அசையாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

நவம்பர் 19 இரவு, 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் நம் அணி தோற்ற பிறகு நான் அனுப்பிய செய்திக்கு நீ இன்னும் பதில் போடவில்லை. "பத்து மேட்ச் வரிசையா ஜெயிச்சாங்களே, அது போதும்" என்று எழுதியிருந்தேன். அது யாருக்கும் போதாது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். நீ போனில் பேசாமல் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்கிறாய், பிள்ளையின் பள்ளியைப் பற்றிச் சொல்கிறாய். கிரிக்கெட் என்று நான் வாயெடுத்தால் மட்டும் "அப்புறம் பேசலாம்ப்பா" என்று நகர்ந்துவிடுகிறாய். உனக்கும் எனக்கும் நடுவில் இதைத் தவிர வேறு என்ன பேச்சு இருந்தது?

ராத்திரி நேரத்தோடு தூங்கு. காலையில் எழுந்து பார்த்தால், நீ செயலியில் கடைசியாக இருந்த நேரம் இரண்டு மணி, இரண்டரை மணி என்று காட்டுகிறது. அந்த மேட்சைத்தான் மறுபடி போட்டுப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். நானும் பார்த்தேன், மறைக்கவில்லை. ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு மூன்று விக்கெட் என்று நிற்கிற இடம்வரைக்கும் பார்ப்பேன். நடுவர் அவுட் கொடுத்ததும் ஸ்மித் ரிவ்யூ கேட்காமல் வெளியே நடக்கிறார். கேட்டிருந்தால் தப்பித்திருப்பார். அந்த நிமிஷம் நான் அம்மாவிடம் "கப் நமக்குத்தான்" என்றேன். அதற்கு அப்புறம் டிராவிஸ் ஹெட் அடித்த 137-ஐ என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். நீயும் அங்கேயே நிறுத்திவிடு. நிறுத்திவிட்டுத் தூங்கு.

ஒரு விஷயம் படித்தேன். 2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தபோது, மியூனிக் பகுதியில் இதய நோய் அவசர சிகிச்சைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் வழக்கத்தைப் போல் 2.66 மடங்கு. ஆண்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல். ஆடியவர்களுக்கு இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு. அம்மா அந்தப் பக்கத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டாள். உனக்கு முப்பத்தைந்து வயதுதான், ஆனால் தூக்கம் கெட்டால் எந்த வயதும் தாங்காது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் சொன்னது நினைவிருக்கிறதா? பெரிய கூட்டம் ஒன்று சத்தமில்லாமல் அடங்குவதைக் கேட்பதைவிடத் திருப்தியானது எதுவும் இல்லை என்றார். கோலி 54-இல் பந்தைத் தன் ஸ்டம்ப்பிலேயே இழுத்துவிட்டுக்கொண்டபோது அகமதாபாத்தில் அது நடந்தது. ஏறக்குறைய லட்சம் பேர் இருந்த மைதானத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் உன் வீட்டில் எப்படி இருந்தது, பேரன் எங்கே உட்கார்ந்து பார்த்தான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு நீ குளிக்கப் போயிருந்தபோது அவன்தான் போனை எடுத்தான். "இருபத்தாறாம் தேதி டெஸ்ட் மேட்ச் ஆரம்பிக்குதுடா, தாத்தாவோட சேர்ந்து பாக்குறியா?" என்று கேட்டேன். "நான் பாக்க மாட்டேன் தாத்தா, நான் எழுந்தா விக்கெட் விழுந்துடும்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, மருந்து கசக்கும் என்று சொல்வதைப் போல, நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னான்.

அவனுக்கு இதை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன். நீ அவனை எப்படி வளர்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் எழுதப் பழகும் முன்பே பந்தின் தையலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. மகளிர் அணி 2017-இல் லார்ட்ஸில் ஒன்பது ரன்னில் தோற்ற அன்று, கைக்குழந்தையோடு கடைசிப் பந்துவரை உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு நீதான் எனக்குத் தேறுதல் சொன்னாய். அப்படிப்பட்டவள் இப்போது பதில் போடாமல் இருக்கிறாயே என்றுதான் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்துத்தான் மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

1996 மார்ச் 13. புதன்கிழமை. உலகக் கோப்பையில் இலங்கையோடு ஆட்டம். மறுநாள் உனக்குப் பள்ளிக்கூடம். தூங்கப் போ என்று அம்மா சொன்னதற்கு நான்தான் "இருக்கட்டும், அரையிறுதி" என்றேன். உனக்கு எட்டு வயது. நான் கற்றுக்கொடுத்தபடி ஸ்கோர் நோட்டில் புள்ளி வைத்து எழுதுவாய். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே களுவிதரணவும் ஜெயசூரியாவும் அவுட். நீ நோட்டைப் போட்டுவிட்டு அறை முழுக்க ஓடினாய். நீ ஓடியதால்தான் விக்கெட் விழுந்தது என்று அன்று யாரும் சொல்லவில்லை. அதை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். 252 எடுக்க வேண்டும். ஒரு விக்கெட்டுக்கு 98, சச்சின் 65. காலில் பட்டு உருண்ட பந்துக்கு ஒரு அடி வெளியே வைத்தார், ஸ்டம்பிங். அடுத்து வந்த அசாருதீன் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அவர் அவுட்டானபோது நீ தண்ணீர் குடிக்க எழுந்து பாதி வழியில் இருந்தாய். நான் கத்தினேன். "நீ எழுந்ததாலதான். உன்னாலதான் எல்லாம்." அதே இடத்தில் நின்றாய். தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாய். 120-க்கு எட்டு விக்கெட். ஈடன் கார்டனில் பாட்டில் எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டம் நின்றுபோய், இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். காம்ப்ளி அழுதுகொண்டே போனார். அவருக்காக நானும் அழுதேன். பக்கத்தில் நீ அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இருபத்தேழு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சச்சின் அவுட்டானபோது எழுந்திருந்தது நான். டிவியின் சத்தத்தைக் கூட்ட எழுந்துபோனேன். நிமிர்ந்து பார்த்தபோது பெயில்ஸ் கீழே கிடந்தது. நீ உன் இடத்தில்தான் இருந்தாய். "நான் எழுந்ததால்தான்" என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வளர்ந்த மனுஷன், வேலைக்குப் போகிறவன், அதை உண்மையென்று நம்பினேன். அடுத்த விக்கெட் விழுந்தபோது நீ எழுந்து நின்றது எனக்கு வசதியாகப் போயிற்று. என் மேல் இருந்ததை எடுத்து உன் மேல் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் நான் அதை மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை.

1999-இல் சென்னையில் பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 எடுக்க வேண்டும், 82-க்கு ஐந்து விக்கெட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அந்த ஞாயிறு முழுக்க நீ சுவர் ஓரமாகக் காலை மடித்து உட்கார்ந்தாய். பாத்ரூமுக்குக்கூட எழவில்லை, அம்மா அதட்டிப் பார்த்தாள். பதினோரு வயதில் இப்படி ஒரு பக்தி யாருக்கு வரும் என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். 17 ரன் மீதி இருக்கும்போது சச்சின் அவுட், 12 ரன்னில் தோல்வி. சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நான் அதைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் கேட்டாய்: "நான் அசையவே இல்லையேப்பா?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கையைப் பிடித்து "உன் தப்பு இல்லைம்மா" என்று சொல்லவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

2011-இல் தோனி சிக்ஸர் அடித்ததும் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். இருவரும் பேசவில்லை, அழுதோம். "எங்கம்மா உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டேன். "தரையில, மூணு மணி நேரமா" என்றாய். சிரித்தேன். அன்று சேவாகைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நகரவிடவில்லை என்று சச்சின் பிறகு சொன்னபோது, "பாத்தியாப்பா, சச்சினே அப்படித்தான்" என்று செய்தி அனுப்பினாய். அதற்கும் சிரித்தேன். சச்சினுக்கு அது தானாக வைத்துக்கொண்ட நம்பிக்கை. உனக்கு அது நான் வைத்த பாரம்.

பிரேசிலின் கோல்கீப்பர் பார்போசாவைப் பற்றி முன்பு உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1950-இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றபோது, இரண்டாவது கோலுக்கு அவரைத்தான் காரணம் சொன்னார்கள். 2000-இல் சாகும்வரை சொன்னார்கள். எங்கள் நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சம் முப்பது வருஷம்தான் தண்டனை, நான் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று அவர் வருந்தியிருக்கிறார். அவராவது களத்தில் நின்றவர், பந்து அவர் கைக்குப் பக்கத்தில் போனது. நீ தண்ணீர் குடிக்கப் போன குழந்தை.

கிரிக்கெட்டை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. விட முடியாது என்று எனக்குத் தெரியும். தோற்றால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். இரண்டு நாள் சோறு இறங்காமல் இருக்கட்டும், அழு, யாரையாவது திட்ட வேண்டுமானால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு. அந்த இறுதி ஆட்டத்தில் கே. எல். ராகுல் 107 பந்துக்கு 66 எடுத்ததைப் பற்றி உனக்குச் சொல்ல நிறைய இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் பதில் போடாமல் மட்டும் இருக்காதே. தோற்ற அன்றைக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருப்பது என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டு போனது. அதையும் திருப்பிக் கொடுத்துவிடு. ராத்திரி தூங்கு.

பேரன் அப்படிச் சொன்ன அன்றே பரணில் ஏறி உன் பழைய ஸ்கோர் நோட்டைத் தேடி எடுத்தேன். அந்த அரையிறுதிப் பக்கம் அப்படியே இருக்கிறது. 34.1 ஓவரோடு நிற்கிறது, அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். அசாருதீன் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட்டிருக்கிறாய். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் சின்னதாக "தண்ணி" என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு நாள் நான் அதைப் பார்க்கவில்லை.

அதன் கீழே இன்று என் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: "சச்சின் விக்கெட்டுக்கு அப்பா எழுந்தார்." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

26-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவோடு செஞ்சூரியனில் டெஸ்ட். அவனை என்னோடு வீடியோவில் பேசச் சொல். ஐந்து நாள் ஆட்டம், அதை யாராலும் அசையாமல் உட்கார்ந்து பார்க்க முடியாது. ரபாடா பந்து போட ஓடிவரும்போது அவனை எழுந்து நடக்கச் சொல்வேன், இங்கே நானும் நடப்பேன். சில பந்தில் விக்கெட் விழும், சில பந்தில் நான்கு ரன் வரும். புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடு, அவனே எழுதட்டும். நீ பக்கத்தில் இருந்தால் போதும். இருக்க முடியாவிட்டாலும் சரி, சொல்.

பழைய நோட்டைத் தபாலில் அனுப்பட்டுமா, நீ வரும்போது தரட்டுமா? அதையாவது எழுது. ஒரு வரி போதும்.

அன்புடன்,
அப்பா